கையளவு ஜெட் விமானம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பிள்ளைகளின் கைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது பெற்றோரின் தீராக் கவலை. கையைப் பழக்கிக் கண்ணையும் கூர்மையாக்கும் பொழுதுபோக்கு ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஜெட் விமானம் ஒன்றைப் பாகம் பாகமாகக் கட்டி முடிப்பதே அது. விளையாட்டுச் சாமான் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. முதிர்ந்த பொறியாளரும் மருத்துவரும் இரவு விளக்கருகே அமர்ந்து இதில் மூழ்கிவிடுவதுண்டு.

இக்கலை பெரிதும் வளர்ந்த நாடு இங்கிலாந்து. பிளாஸ்டிக்கால் ஆன விமானத் தொகுப்புகள் 1930களிலேயே அங்கு விற்பனைக்கு வந்தன. எனினும், 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவு விலையில் அவற்றை வெளியிட்ட பின்னரே சிறுவர் கைகளை எட்டின. மிகுதியாக வழங்கும் அளவு 72இல் ஒரு பங்கு. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது இதன் கணக்கு. ஆறடி உயர விமானி இங்கே ஓர் அங்குலப் பொம்மையாக நிற்பான்.

பழகுவதற்கு ஏற்ற விமானம் எது என்று கேட்போர்க்கு நாம் சொல்வது ஃபோலண்ட் 'நாட்'. சின்னஞ்சிறு பூச்சியின் பெயரைத் தாங்கிய இவ்விமானம் உண்மையிலும் சிறியது. போர் விமான வடிவில் இறக்கை விரிவு ஏறத்தாழ 6.75 மீட்டர், நீளம் 8.7 மீட்டர். இதனை வரைந்தவர் டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர். கான்பெரா என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவரும் இவரே. போர் விமானங்கள் ஆண்டுக்காண்டு பருத்து, விலையும் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அவர், வேண்டாதவற்றை விட்டுவிட்டால் சிறு விமானமும் அதே பணியைச் செய்யும் என்று வாதிட்டார். 1955ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் நாட் முதன்முதலாகப் பறந்தது. இந்தியா அதனை வாங்கியதோடு, பெங்களூரிலும் உரிமம் பெற்றுக் கட்டியது. பெட்டரோ 1959இல் விமானத் தொழிலையே துறந்து, சுவிட்சர்லாந்தில் ஒரு சமயக் குழுவினரோடு வாழச் சென்றார். 1968இல் மறையும் வரை அத்தொழிலுக்குத் திரும்பவில்லை. சிறுமைக்கும் விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கி அடைத்த கருவிகளைப் பழுதுபார்ப்பது எளிதாயிருக்கவில்லை.

பெட்டியைத் திறக்கும் முன்னர் ஓர் எச்சரிக்கை. ஏர்ஃபிக்ஸ் வெளியிட்டது நாட்டின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவம். பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது இதில்தான். இந்தியா போரில் ஈடுபடுத்தியதோ ஒற்றை இருக்கை வடிவம். பயிற்சி வடிவத்தின் இறக்கை 72இல் ஒரு பங்கில் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் அதிகம். உடல் 13 மில்லிமீட்டர் நீளம். இதில் மூவண்ண வட்டத்தை ஒட்டி நம் விமானம் என்று அலமாரியில் வைக்கும் ஆசை பிள்ளைகளுக்கு எழுவது இயல்பு. நாம் அதற்கு இணங்கமாட்டோம். ஒற்றை இருக்கைத் தொகுப்பு கிடைத்தால் மூவண்ணம். இல்லையேல் இதனைச் சிவப்பு விமானமாகவே கட்டுவது நேர்மை.

இனி வேலைக்கு வருவோம். பாகங்கள் யாவும் பிளாஸ்டிக் சட்டங்களில் கிளையில் காய்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை நீங்கச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துக. பாகத்தைத் திருகிப் பிடுங்காமல், நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சியதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிளேடு பிடிப்பது பெரியவர் கையாக இருக்கட்டும். ஒட்டும் முன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது இன்றியமையாதது.

பாலிஸ்டைரீனுக்கான பசை, கோந்தைப் போல் நடுவே நின்று ஒட்டுவதன்று. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆகையால், பசை பட்ட இடத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். ரேகை வரிகளின் இடைவெளி அரை மில்லிமீட்டர் எனக் கொண்டால், உண்மை விமானத்தில் அது மூன்றரைச் சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடும் உழவுச் சால்! ஆவி தலைவலி தரும், சன்னல்கள் திறந்திருக்கட்டும். உடலின் இரு பாதிகளையும் மூடுமுன் மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டு ஒன்றிரண்டை ஒட்டிவிடுவது நல்லது. மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம் வால் தரையில் குந்திவிடாமல் அது காக்கும்.

நாட்டின் இறக்கைகள் நுனியில் சற்றே தாழ்ந்திருக்கும். இந்தச் சாய்வு தவறினால், மற்றவை எல்லாம் சரியாயிருந்தும் முகம் மாறிய மனிதரைப் போல விமானம் அந்நியமாகிவிடும். அட்டையில் அச்சாய்வை வெட்டி, அதன்மேல் இறக்கைகளைத் தாங்கவைத்து ஓர் இரவு விட்டுவிடுக. இருபுறமும் ஒன்றுபோல் அமையும்.

இப்போது நுணுக்க வேலை. புதியவர் பலர் இங்கேதான் வழி தவறுகின்றனர். நுணுக்கம் என்றால் சேர்ப்பது என்று எண்ணிவிடுகின்றனர். மாதிரியை நாம் 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம். அதனை 72ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 22 மீட்டர். அத்தனை தொலைவில் நிற்கும் விமானத்தில் ஆணித் தலைகளை எண்ண இயலுமா? பழைய தொகுப்புகளில் தகடெங்கும் கொப்புளங்களாக ஆணிகள் புடைத்திருக்கும். கால் மில்லிமீட்டர் புடைப்பு உண்மையில் 18 மில்லிமீட்டர் உயரம். ஜெட் விமானம் அப்படிப் புடைத்துக்கொண்டு பறக்காது. அவற்றைத் தேய்த்து நீக்கிவிட்டு, திறக்கும் மூடிகளின் ஓரக்கோட்டை மட்டும் ஊசிமுனையால் மெல்லக் கீறினால் போதும். இந்த அளவில் தேர்ந்த கையின் அடையாளம், எதை விடுவது என்று அறிவதே என்பது நம் கருத்து. பெட்டரும் இதே கேள்வியைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்!

சேர்க்கத் தக்கவை சில உண்டு. விமானி அறையே அவற்றுள் முதன்மை. கண்ணாடி மூடியின் வழியே கண் அங்கேதான் செல்லும். கருவிப் பலகைக்குக் கருப்பை விடக் கருஞ்சாம்பல் பொருந்தும். ஊசிமுனையால் வெண்புள்ளிகள் வைத்தால் அவை முகப்புகள் ஆகிவிடும். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் நூலிழை அகலத்தில் வெட்டிய பட்டைகள் இருக்கை வார்களாகும். மெல்லிய கம்பி வேண்டுமா? வீணாய்ப் போகும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடரின் மேலே சுற்றியபடி காட்டி, இளகியதும் சுடரினின்று எடுத்து மெதுவாக இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். இழுக்கும் வேகத்தில் இருக்கிறது அதன் பருமன். பிள்ளைகளுக்கு இது தரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

கண்ணாடி மூடியை ஒட்டுவதற்குத் தச்சர் பயன்படுத்தும் வெண்பசையே உகந்தது. உடனொட்டும் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்பனி படரச் செய்துவிடும். பின்னர் துடைத்தாலும் போகாது.

வண்ணம் பூசுவதிலும் கணக்கு விடாது துரத்துகிறது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடித்த பூச்சு, உண்மையில் ஏழு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் பூச்சுக்கு நிகர். ஆகவே மும்முறை மெல்லிதாக, ஒவ்வொரு முறையும் நன்கு காயவிட்டுப் பூசுக. சிவப்புக்கு அடியில் வெண்பூச்சு வேண்டும். இல்லையேல் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அதனை மங்கச் செய்துவிடும். வெள்ளிப் பூச்சோ இரக்கமற்றது. உப்புத்தாளின் சிறு கீறலையும் ஊருக்கே காட்டிவிடும்.

ஒற்றை இருக்கை நாட்டைக் கட்டுவோர் இதனையும் அறிந்திருக்க வேண்டும். 1965ஆம் ஆண்டுப் போரில் சேபர் விமானங்களை எதிர்த்து வென்றதால் இதற்குப் பெரும் பெயர் கிடைத்தது. டிரெவர் கீலர், டென்சில் கீலர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் நாட்டில் பறந்து வீர் சக்கரம் பெற்றனர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு சேபர்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையிலேயே நாட்டில் மேலெழுந்து தனியே போரிட்டு உயிர்நீத்தார் நிர்மல்ஜித் சிங் சேகோன். இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இவர் ஒருவரே. இத்தகைய விமானத்தின் மீது கைக்கு அகப்பட்ட எண்ணை ஒட்டுவது முறையன்று. நிழற்படத்தைத் தேடி, ஆண்டையும் நிறத்தையும் ஒப்பிட்ட பின்னரே குறிகளை வெந்நீரில் நனைக்க வேண்டும். குறி படியும் இடம் வழவழப்பாயிருப்பது அவசியம். சொரசொரப்பான பரப்பில் அடியில் காற்று நின்று வெள்ளிபோல் மின்னும்.

முடிந்த விமானத்தை வெயில் படாத கண்ணாடி அலமாரியில் வையுங்கள். நம் ஊர்க் கோடையில் சன்னலோரம் வைத்த மெல்லிய இறக்கை வளைந்துவிடலாம். தூசி படிந்தால் துணியால் துடைக்காமல், மென்மையான தூரிகையால் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒத்தி எடுங்கள், கம்பிகள் ஒடியாது.