கப்பல் வரும் பின்னே, பில் வரும் முன்னே

சேலையூரில் குடியிருக்கிறேன். தொழில் கஸ்டம்ஸ் கிளியரிங்; கையில் அதற்குச் சுங்கத்துறை தந்த அனுமதி அட்டையான ஜி கார்டு. முன்பெல்லாம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுசில் மேசை மேசையாக நிற்பதுதான் பிழைப்பு. இப்போது அந்தப் பக்கம் போவதே அபூர்வம்.

2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. முதலில் இயந்திரங்கள், மின்சாதனங்களுக்கு மட்டும். அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சரக்கு இறங்குவது சென்னையில். வரியைச் சரிபார்க்கும் அதிகாரி மும்பையில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம். யாரென்று நமக்குத் தெரியாது.

தாம்பரத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு கேஸ்கெட் வருகிறது என்று வையுங்கள். வெறும் ரப்பர் என்றால் சுங்க அட்டவணையில் 4016. உலோகத் தகட்டோடு சேர்ந்தது என்றால் 8484. எண் மாறினால் வரியும் மாறலாம். அந்தக் காலத்தில் சாம்பிளை அப்ரைசர் மேசையில் வைத்தால் அவர் தட்டிப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், விஷயம் முடிந்துவிடும். இப்போது திரையில் ‘க்வெரி’ வரும். கேட்லாக், படம், விளக்கம் எல்லாம் ஏற்ற வேண்டும். மேசைக்கு மேசை கும்பிடு போடுகிற வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தன் பொருள் எதனால் ஆனது என்பதை எழுத்தில் சொல்லத் தெரியாத சின்ன முதலாளி திண்டாடுகிறார்.

அடுத்த பிடி 2021-இல். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்கிற இறக்குமதி அறிவிப்பைப் போட்டாக வேண்டும். இலங்கை போன்ற பக்கத்து நாட்டுச் சரக்குக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு. தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. சீனாவிலிருந்து வரும் பெட்டி கொழும்பில் சின்னக் கப்பலுக்கு மாறினால், அந்தக் கப்பலின் பெயரே கடைசி நேரத்தில்தான் தெரியும். “அண்ணே, நம்ம பெட்டி எந்தக் கப்பல்ல ஏறிச்சு?” என்று ராத்திரியில் போன் வரும். எனக்கே தெரியாது, என்னத்தைச் சொல்ல?

ஏற்றுமதிக்காரருக்கு நிம்மதி கொடுத்தது 2017-இல் வந்த சுய சீல் முறை. முன்பு பெட்டியில் சரக்கேற்ற அதிகாரி தொழிற்சாலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது மின்னணு சீலை நாமே போட்டு அனுப்பலாம். துறைமுகத்தில் கருவி அதைப் படிக்கும். சீல் உடைந்திருந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

காகித வேலை திரைக்கு மாறிய பிறகு, கஸ்டம் ஹவுசுக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைத் துறைமுகத்துக்குப் பெரிய பலமாக இல்லை. ரோடுதான் பலம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. பகலில் கனரக வண்டிக்குத் தடையுள்ள நகரத் தெருக்களுக்குள் நுழையாமல் எண்ணூர் துறைமுகத்துக்கோ காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கோ போய்விடலாம். 1881-இல் கட்டிய பழைய துறைமுகம் இந்த இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

சுங்க விதிகளில் பெரிய கம்பெனிகளுக்குக் கிடைக்கும் சலுகை வேறு. நம்பகமான இறக்குமதியாளர் என்று சுங்கத்துறையிடம் மேல்நிலைச் சான்று வாங்கியவர்கள் வரியைத் தள்ளிக் கட்டலாம். பட்டறைக்காரர் கட்டினால்தான் பெட்டி வெளியே வரும். அவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சரக்கு கப்பலேறும் அன்றே இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் அனுப்பச் சொல்லி, ஆர்டர் கொடுக்கும்போதே சப்ளையரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.