உறைந்த கோழி: மேலே இளகினால் போதுமா?

பல்லடம், உடுமலை வட்டாரப் பண்ணைக் கோழியைக் கண்ணெதிரே வெட்டி வாங்கிப் பழகியவர்கள் நம் கொங்கு மக்கள். இன்று மளிகைக் கடைகளிலும் டீப் பிரீசர் வந்துவிட்டது. உறைந்த முழுக்கோழி விற்கிறோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வான்கோழி கேட்போரும் உண்டு. "உறைபனி முழுதும் விட்டதா என்று எப்படித் தெரியும்?" என்று வாடிக்கையாளர் கேட்டால், பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

மேல்தோல் மெத்தென்று இருக்கும். வயிற்றுக்குள் பனிக்கட்டி நிற்கும். அப்படியே அடுப்பில் ஏற்றினால் மேலே வெந்து, எலும்போரம் வேகாது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அங்கே உயிரோடு இருக்கும். வயிற்றுக்கோளாறு வந்தால் முதலில் கெடுவது நம் கடையின் பெயர்தான்.

பிரிட்ஜின் கீழ்த்தட்டில், தட்டத்தில் வைத்து இளக விடுவதே நல்லது. 2 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்; 6 கிலோ வான்கோழிக்கு மூன்று நாள். அவசரமென்றால், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கொரு முறை நீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோவுக்கு அரைமணி என்பது கணக்கு; இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் போட்டு வைப்பது கூடாது. உள்ளே இளகுவதற்குள் வெளியே கிருமி பெருகிவிடும்.

சோதிக்கும் முறை எளிது. வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தால் பனித்துகள் தட்டுப்படக் கூடாது. உள்ளே ஈரல் பொட்டலம் இருந்தால் தடையின்றி வெளிவர வேண்டும். தொடை மூட்டு தாராளமாக மடங்க வேண்டும். நெஞ்சுக்கறியின் தடித்த இடத்தில் முள்கரண்டி குத்தினால் நறநறக்கக் கூடாது. வெந்தபின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

இனி நம் பங்கு. உறைந்த சரக்கை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரீசரை அணைப்பது, சில ரூபாய்க்காகப் பல வருட நம்பிக்கையைப் பணயம் வைப்பதாகும். பாக்கெட்டின் அடியில் சிவந்த நீர் கட்டியாக உறைந்திருந்தால், அது வழியில் இளகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம். இறக்கும்போதே பார்த்துத் திருப்பி அனுப்புவோம். மின்தடையில் மூடியைத் திறக்காதிருப்போம். இளகிப்போனதை மீண்டும் உறைய வைத்து விற்கவே வேண்டாம்.

பாக்கெட்டைக் கொடுக்கும்போது, "முந்தின நாளே பிரிட்ஜில் வையுங்கள், வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வோம். அதற்குச் செலவில்லை.