கம்ப்யூட்டர் சொல்வதே முடிந்த விலை அல்ல

கேட்டு வாங்குவோம் – 9

போன வாரம் தராசின் முத்திரையைப் பார்த்தோம். இந்த வாரம் பில் கவுண்டருக்கு வருவோம்.

ஆடித் தபசுக் கூட்டம் சங்கரன்கோவிலை நிறைக்கும் நாட்களில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் இதைக் காணலாம். பல்லாரி எடுத்தவருக்குச் சின்ன வெங்காயத்தின் விலை விழுந்திருக்கும். எடை போட்ட பையன் பட்டனை மாற்றி அழுத்தியிருப்பான். வாங்கியவர் பில்லைப் பார்ப்பார். பின்னால் கூடையோடு நிற்பவர்களையும் பார்ப்பார். "பத்து ரூபாய்க்குப் போய் என்ன பேச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

பாக்கெட் பொருளில் தப்பு வருவது வேறு வழி. பார்கோடிலேயே விலை இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்து தொடங்கிய காலத்திலிருந்தே அந்தக் கோடுகள் சொல்வது, இது என்ன பொருள் என்பதை மட்டும்தான். விலை, கடையின் கம்ப்யூட்டரில் யாரோ தட்டி வைத்த எண். பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே கோட்டோடு வந்தால், திரையில் இரண்டு எம்.ஆர்.பி. காட்டும். பில் போடுபவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் மேலே இருப்பதைத் தட்டிவிடுவார். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, பழைய விலை அச்சிட்ட சரக்கும் புது விலைச் சரக்கும் ஒரே அலமாரியில் கலந்து நின்றன.

ஆகவே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் குரலை உயர்த்திப் பயனில்லை. பல கடைகளில், போட்ட பில்லைத் திருத்தும் அனுமதிகூட அவருக்குக் கிடையாது. சூப்பர்வைசர் வந்துதான் மாற்ற வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே, பாக்கெட்டில் விலை அச்சிட்ட பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்:

"ஏம்மா, இதுல அறுபத்தெட்டுதான் போட்டிருக்கு. பில்லுல எழுபத்திரண்டு விழுந்திருக்கே, கொஞ்சம் பாரு."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது அண்ணாச்சி."

"சரிம்மா, உன்னைச் சொல்லல. சூப்பர்வைசரைக் கூப்பிடு, கம்ப்யூட்டர்லயும் மாத்திரட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். நாலு ரூபாயைத் திருப்பி வாங்கினால் உங்கள் கணக்கு மட்டும் நேராகும். கம்ப்யூட்டரில் மாற்றினால்தான் பின்னால் நிற்பவர்களின் கணக்கும் நேராகும்.

சில கடைகளில் இன்னொரு பதில் வரும்: "எம்.ஆர்.பி.க்குக் கீழேதானே போட்டிருக்கோம்?" இது செல்லாது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்கு எதிரானது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. கடைக்காரர் வைத்த விலைப் பட்டியலுக்கு மேல் வசூலித்தாலும் புகார் செய்யலாம். காய்கறிக்கு எம்.ஆர்.பி. கிடையாது என்றாலும், பலகையில் எழுதிய விலை கடையைக் கட்டுப்படுத்தும்.

பேசியும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எம்.ஆர்.பி. மீறலை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே இல்லை.

ஆனால் அங்கே பொறுமை வேண்டும். 1999-ல் மதுரா ரயில் நிலையத்தில் 35 ரூபாய் டிக்கெட் இரண்டு வாங்கிய வழக்கறிஞர் ஒருவரிடம் 70 ரூபாய்க்குப் பதில் 90 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். அந்த 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடும், 15,000 ரூபாய் இழப்பீட்டோடும் தரும்படி தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2022.

கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியதை இருபது வருட வழக்காக்க வேண்டியதில்லை. பில்லை வாங்குங்கள், கடை வாசலைத் தாண்டும் முன் படியுங்கள், தப்பு இருந்தால் சிரித்த முகத்தோடு கேளுங்கள். கூடுதலாகக் கொடுத்தது ஒரு ரூபாயே ஆனாலும் அது உங்கள் ரூபாய்.

(தொடரும்)