ஐந்து கோழி, ஐந்து காரணம்!

"ஏன் கண்ணு, வாசல்லே அஞ்சு பொட்டைக்கோழி மேயுது. நீ கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வர்றே. நல்லா இருக்குதா இது?"

என் மாமியார் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கேட்டதில் தப்பே இல்லை. கட்டுச்சோறு விருந்து முடிந்து, தலைப்பிரசவத்துக்காக என் மகளை அழைத்து வந்திருந்த நேரம் அது. ஏழு மாதம். "தினமும் ஒரு முட்டை கொடுங்க, பருப்பு, கீரை நிறையச் சேருங்க" என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டிலோ கார்த்திகை பிறந்ததிலிருந்து ஒரு முட்டை கூடக் கிடையாது.

"வித்துப்போட்டு வேற வாங்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. மறுநாளே எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் என் குறையைக் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "கோழி மேல குறை சொல்றீங்க. அதுக்கு நீங்க என்ன செய்றீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பதில் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. ஐந்து கோழிக்கும் ஐந்து காரணம் இருந்தது. ஐந்தில் நான்கு என்னால் வந்ததுதான்! சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் கோழி: கறுப்பி

கறுப்பி பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பாள். வீட்டில் மிஞ்சும் சோறு, ரேஷன் அரிசி எல்லாம் அவளுக்குத்தான். "நல்லா தின்னுது, ஆனா முட்டை வெக்கலை" என்றேன். "அதனாலதான் வெக்கலை" என்றார் டாக்டரம்மா.

சோறும் அரிசியும் வெறும் மாவுச்சத்து. அதையே போட்டால் கோழியின் வயிற்றில் கொழுப்புக் கட்டும். முட்டை உண்டாக வேண்டியது புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அதைக் கோழி தன் தீனியிலிருந்துதானே எடுக்க வேண்டும்? மேயும் கோழி புழு பூச்சி பொறுக்கிக்கொள்ளும். ஆனால் இப்போது எல்லார் வாசலும் சிமெண்டுத் தளமாகிவிட்டது. பூச்சிக்கு எங்கே போகும்?

நான் இப்போது கலக்கும் தீனி இதுதான்: கம்பு, சோளம், மக்காச்சோளக் குருணை எல்லாம் சேர்த்து 5 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் சேர்த்து 2 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் அரை கிலோ. கால்நடைக் கடையில் கிடைக்கும் தாது உப்புக் கலவை 200 கிராம். மேயப் போகும் கோழிக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி போதும். பாதியைக் காலையிலும் பாதியைச் சாயந்திரமும் போடுகிறேன். கூண்டிலேயே அடைத்து வளர்க்கிறவர்கள் 100 முதல் 120 கிராம் வரை தர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையோ தானியத்தையோ "வீணாப் போகுதே" என்று கோழிக்குப் போடாதீர்கள். அதில் உள்ள நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும்.

செலவில்லாத புரதம் ஒன்று உண்டு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்! என் அம்மா காலத்து வழக்கம். நடுவில் நான்தான் மறந்துபோனேன்.

இரண்டாவது கோழி: செவலை

செவலைக்கு இறகெல்லாம் கொட்டி, பார்க்கவே பாவமாக இருந்தாள். சீக்கு என்று நினைத்து மஞ்சள் தண்ணீர் கூடக் கொடுத்தேன். அது சீக்கு இல்லையாம். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும். இறகே புரதத்தால் ஆனதுதான். இறகு வளர்க்கிற நேரத்தில் முட்டைக்கு மிச்சம் இருக்காது. அந்த நாளில் நல்ல தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கூடவே இன்னொரு விஷயம் சொன்னார். கோழி முட்டை வைக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம்தான் உடம்புக்குள் முட்டை உண்டாவதைத் தூண்டுகிறது. நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. மார்கழியில் நம் பக்கம் பகல் பொழுதே பதினொன்றரை மணி நேரம்தான். அதனால் கூடாரத்தில் சின்ன எல்.இ.டி. பல்பு ஒன்று போட்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்ததும் எரிய விடுகிறேன். ராத்திரியில் போட்டு திடீரென்று அணைத்தால், அடையும் இடம் தெரியாமல் கோழி இருட்டில் தடுமாறும். விடியற்காலைதான் நல்லது.

மூன்றாவது கோழி: புள்ளி

புள்ளி அடைக்கு உட்கார்ந்திருந்தாள். கீழே முட்டை இல்லை, இருந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நாட்டுக்கோழியின் குணமே இதுதான். பத்துப் பதினைந்து முட்டை வைக்கும், அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரித்து, இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அதுவரை முட்டை கிடையாது. வருஷத்துக்கு ஐம்பது, அறுபது முட்டையோடு நாட்டுக்கோழி நின்றுவிடுவது இதனால்தான்.

குஞ்சு வேண்டும் என்றால் தாராளமாக அடை வையுங்கள். வேண்டாம் என்றால் அடை தெளிய வைக்க வேண்டும். எங்கள் பக்கம் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகு சொருகுவார்கள். பாவம், வாயில்லாத ஜீவன்! அதெல்லாம் வேண்டாம். அடிப்பக்கம் காற்றோட்டமான கம்பிக் கூண்டிலோ மூங்கில் கூடையிலோ மூன்று நாலு நாள் வெளிச்சத்தில் வையுங்கள். வைக்கோல் போடாதீர்கள். தீனியும் தண்ணீரும் மட்டும் குறையாமல் கொடுங்கள். அடிவயிற்றில் குளிர்ச்சி பட்டால் அடை தானாகத் தெளிந்துவிடும். புள்ளி நாலாம் நாள் எழுந்து மேயப் போய்விட்டாள்.

நான்காவது கோழி: சாம்பல்

இவள்தான் கள்ளி! முட்டை வைத்துக்கொண்டுதான் இருந்தாள், எங்களுக்குத் தெரியாமல் வைக்கோல் போரில். தேடிப் போனால் அங்கே உடைந்த ஓடும் ஈரமும்தான். தோல்முட்டையாக வைத்து, அது உடைந்து, அவளே கொத்தித் தின்றிருக்கிறாள்.

முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கோழி அதைத் தீனியில் இருந்து எடுக்கும். கிடைக்காவிட்டால் தன் எலும்பைக் கரைத்து எடுக்கும். நம் தாய்மார்கள் கதைதான் போங்கள்!

இதற்கு மருந்து கிளிஞ்சல் தூள். ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வைத்துவிடுங்கள். தேவைப்படும் கோழி தேவையான அளவு தின்னும். தீனியில் கலக்காதீர்கள். முட்டைப் பருவம் வராத குஞ்சுக்குச் சுண்ணாம்பு அதிகமானால் சிறுநீரகம் கெடும். முட்டை ஓடு போடுவதாக இருந்தால் வறுத்துப் பொடி செய்து போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் ருசி கண்டு முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

முட்டை வைக்க ஓர் இடமும் பண்ணிக்கொடுங்கள். அகலமான மண்சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலையில் வைத்தேன். பழக்குவதற்காக முட்டை மாதிரியான வெள்ளைக் கல் ஒன்றையும் உள்ளே போட்டேன். வைக்கோல் போர் வழக்கம் நின்றது.

ஐந்தாவது கோழி: கிழவி

இவள் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. கோழி அதிகம் முட்டையிடுவது முதல் வருஷம். அப்புறம் வருஷா வருஷம் குறையும். இது இயற்கை. முட்டைக்கோழியா இல்லையா என்று பார்க்க டாக்டரம்மா சொன்ன வழி: கோழியின் பின்பக்கம், எச்சத் துவாரத்துக்குக் கீழே இரண்டு எலும்பு நுனி கைக்குத் தட்டுப்படும். நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் முட்டையிடுகிற கோழி. ஒரு விரலுக்கும் இடமில்லை என்றால் முட்டையிடவில்லை. கொண்டை சிவந்து மலர்ந்திருப்பதும் ஓர் அடையாளம்.

கிழவிக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. விற்க மனமில்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய அவளை விட்டால் ஆளில்லை. அவளுக்கு ஓய்வூதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

தண்ணீர் வைத்தீர்களா?

ஒரு முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தின்னும் தீனியைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் கோழிக்கு வேண்டும், வெயில் நாளில் இன்னும் அதிகம். சாக்கடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். நிழலில் மண்சட்டியில் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ஓடும் மெலிந்துபோகும். மதியம் ஒரு தடவை குளிர்ந்த தண்ணீர் மாற்றினால் நல்லது.

பேன், செள்ளு இருந்தாலும் முட்டை குறையும். ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்தும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

நான் பட்ட பாடு

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018-ம் வருஷம் என்னிடம் பதினாலு கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசைத்தான் மகளின் காலேஜ் பஸ் சார்ஜுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம் ஊரில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். அன்றைக்கு ஒரு கல்யாணம். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று போய்விட்டேன்.

பங்குனியில் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். இன்னொன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ராணிகேட் என்று சொல்கிற வெள்ளைக்கழிச்சல். வெங்காயம், மிளகு, கீழாநெல்லி எல்லாம் அரைத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு போயிற்று. இந்த நோய் வந்தபின் குணப்படுத்த மருந்தே கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வருஷம் என் முந்தானை முடிச்சு காலி. மகள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்ணோடு சைக்கிளில் போனாள். அது இன்னும் என் மனசை அறுக்கிறது.

குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். செத்த கோழியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியாமல், வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சேர்ந்தாற்போல் பல கோழி செத்தால் உடனே மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பச்சை முட்டை வேண்டாம்

பெரிய மனுஷியான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பச்சை முட்டையில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம். வேகவைத்தால்தான் அதன் புரதமும் முழுசாக உடம்பில் ஒட்டும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டையை மசித்துச் சிறிதளவில் ஆரம்பிக்கலாம். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். ஒரே நாளில் மாயம் நடந்துவிடவில்லை. தை பிறந்த பிறகுதான் சாம்பல் சட்டியில் முட்டை வைத்தாள். பிறகு புள்ளி, பிறகு புது இறகோடு செவலை. கறுப்பி இளைத்து மாசியில் ஆரம்பித்தாள். மகளுக்கு வலி எடுக்கும்வரை கடை முட்டை வாங்கவில்லை. பேரன் பிறந்தான்.

இப்போது காலையில் என் மாமியார்தான் முதலில் எழுந்து சட்டியைப் பார்க்கிறார். "கண்ணு, இன்னைக்கு மூணு!" என்று அவர் கூப்பிடும் குரலில்தான் எனக்குப் பொழுது விடிகிறது.