வாளிக்குள் ஒரு பீன்ஸ் டப்பா

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடம் நூறு மீட்டர்கூடத் தள்ளிப்போகும். அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்த பிழை அது. மே 2 அன்று அதை நீக்கினார்கள். மறுநாளே, ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து, இடக்குறிப்பை இணையத்தில் வெளியிட்டார். உள்ளே புத்தகங்கள், கவண், பீன்ஸ் டப்பா. எல்லாவற்றையும்விட அழகாக, வந்தவர்கள் எழுத ஒரு நோட்டு! மூன்று நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்த கதை இதுதான், நேயர்களே. இன்று ஜீப் மட்டுமே ஏறக்கூடிய மலைத்தடங்களிலும் அப்படிப்பட்ட நோட்டுகள் காத்திருக்கின்றன.