ஆற்றில் இரு மீன்கள்: போட்டியும் அறுவடையும்

ஓர் ஆற்றில் இரண்டு மீனினங்கள் வாழ்ந்து, அவற்றுள் ஒன்று குறையத் தொடங்கினால், மற்றொன்றே அதற்குக் காரணம் எனப் பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். அதைப் பிடித்து ஒழித்தால் இது பெருகும் என்பது அவர்களுடைய கணக்கு. இக்கணக்கு சில இடங்களில் பலிக்கும். சில இடங்களில் பெருந்தீங்காய் முடியும்.

இமயமலை ஆறுகளுக்கு உரிய பழைய மீன் பனிமீன் ஆகும். ஆங்கிலேயர் அதைப் பனி டிரௌட் என அழைத்தனர்; எனினும் அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. டில்லியைக் கடந்து செல்லும் யமுனையின் மேற்பகுதியிலும் அது வாழ்கிறது. குமாவுன் மக்கள் அதனை அசேலா என்பர். பழுப்பு டிரௌட்டோ வெளிநாட்டிலிருந்து வந்தது. 1899-ஆம் ஆண்டின் முதல் முயற்சி தோல்வியுற, 1900-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து கொணரப்பட்டவை காஷ்மீரத்தில் நிலைபெற்றன.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவா? விடையின் ஒரு பகுதியை மீனின் வாயே கூறும். பனிமீனின் வாய் தலையின் கீழ்ப்புறம் அமைந்துள்ளது. பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பதற்கு அது ஏற்றது. டிரௌட் பூச்சிகளையும், வளர்ந்தபின் சிறு மீன்களையும் தின்னும். ஆகவே வளர்ந்த மீன்களுக்குள் உணவுப் போட்டி குறைவு. ஆனால் பனிமீனின் குஞ்சுகள் டிரௌட்டுக்கு இரையாகக்கூடும். அன்றியும் அணைகள், மணல் கல் எடுத்தல், வெடிவைத்து மீன் பிடித்தல் ஆகியனவும் பனிமீனைப் பாதிக்கின்றன. டிரௌட்டை மட்டும் அகற்றினால் இக்குறைகள் தீரா.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகள் இதற்கு மறுபுறமான பாடம் தருகின்றன. அங்கு மலை வெண்மீன் டிரௌட்டின் உணவைப் பறிக்கிறது என நம்பிய தூண்டிற்காரர் பலர், பிடித்த வெண்மீன்களைக் கரையில் எறிந்து வந்தனர். உண்மையில் வெண்மீன் பெரும்பாலும் அடித்தளத்துப் பூச்சிகளைத் தின்னும். டிரௌட் நீரோட்டத்தில் மிதந்து வருவனவற்றையும் பற்றும். அந்நாட்டு டிரௌட் இனங்களுடன் வெண்மீன் நெடுங்காலமாக ஒரே ஆற்றில் வாழ்ந்து வந்துள்ளது.

தேர்ந்து பிடித்தல் நியாயமான இடமும் உண்டு. எல்லோஸ்டோன் ஏரியில் 1994-ஆம் ஆண்டில் அயலினமான ஏரி டிரௌட் கண்டறியப்பட்டது. அது அங்குள்ள உள்நாட்டு டிரௌட்டை இரையாக்கியதால், இதுவரை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏரி டிரௌட் பிடித்து அகற்றப்பட்டுள்ளன. அத்தனைக்கும் வேலை முடியவில்லை. பிடிப்பு தளர்ந்தால், எஞ்சியவை போதிய உணவு பெற்று மீண்டும் விரைவில் பெருகிவிடும்.

செவுள்வலை மீனின் பருமனை அறியுமேயன்றி இனத்தை அறியாது. ஆதலால் அயல்மீனைக் குறைக்க விரும்பும் கள ஊழியர்கள் கண்ணளவையும், வலையிடும் ஆழத்தையும், பருவத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். பழுப்பு டிரௌட் குளிர்காலத் தொடக்கத்தில் சரளைக்கல் படுகையில் முட்டையிடும். அப்போது அவ்விடங்களில் அதைத் தனித்துப் பிடித்தல் எளிது. தூண்டிலில் சிக்கும் பனிமீனை நனைந்த கையால் பிடித்து உயிருடன் விட்டுவிடலாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சந்தையில் கிடைக்கும் இரண்டு மீன்களின் வாயையும் இரைப்பையையும் மாணவர்களுக்குக் காட்டினால் போதும். எது எதனைத் தின்கிறது என்பதை அவர்களே கண்டு கொள்வர். ஆற்றிலும் அவ்வாறே: முதலில் இரைப்பையைப் பார்த்தல், பின்னர் வலையை எடுத்தல்.