விழுவதில் என்ன சுவை?

ரவாங்கில் ஒரு தாமான் வீடு. பள்ளி முடிந்து வந்த பையன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து சறுக்குப் பலகை விளையாட்டைப் போடுகிறான். திரையில் ஒருவன் பலகையில் ஏறி வேகமெடுக்கிறான், படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி மேல் தாவுகிறான், குப்புற விழுகிறான். மறுபடியும் அதே படிக்கட்டு, அதே கம்பி, அதே விழல். வேலை விட்டு வந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “விழுந்துகொண்டே இருக்கிறாயே, இதில் என்னடா இருக்கிறது?”

பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் கேள்வியும் நியாயமானதுதான். காற்பந்து விளையாட்டில் கோல் போட வேண்டும், கார் பந்தயத்தில் முந்த வேண்டும். இதில் எதிரியும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. பிறகு ஏன் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்?

இவ்வகை விளையாட்டு புதிதல்ல. 1986-லேயே அட்டாரி நிறுவனம் ‘720’ என்ற ஒன்றைக் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் வெளியிட்டது. அதில் மெத்தனமாக இருந்தால் தேனீக்கள் துரத்தும்! ஆனால் உலகெங்கும் இதைப் பரப்பியது 1999-இல் பிளேஸ்டேஷனில் வந்த ‘டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்’. தயாரித்தது கலிபோர்னியாவின் நெவர்சாஃப்ட் நிறுவனம். அதற்குமுன் நடிகர் புரூஸ் வில்லிசை வைத்து அவர்கள் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டைச் செய்திருந்தார்கள். அந்த உருவத்தையே பலகையில் ஏற்றித்தான் முதல் சோதனை ஓட்டம் நடந்தது என்பது வேடிக்கையான செய்தி.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், விழுவதை மலிவாக்கியது. விழுந்தவன் ஓரிரு நொடிகளில் எழுந்து பலகையின் மேல் நிற்கிறான். உயிர் போவதில்லை, ஆட்டம் முடிவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டே நிமிடம். கெட்டுப்போனாலும் கெட்டது இரண்டு நிமிடம்தான். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று பையன் கெஞ்சுவதன் இரகசியம் இதுவே. (அந்த ஒரு தடவை பத்தாகும் என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும்.)

ஆனால் மலிவான விழல் மட்டும் இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும். எனவே மதிப்பெண்ணில் ஒரு கொக்கி வைத்தார்கள். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஒருவன் தரையைத் தொடுமுன் அடுத்தடுத்து மூன்று வித்தைகள் செய்கிறான்: 100, 200, 500. கூட்டினால் 800. வித்தைகள் மூன்று என்பதால் மூன்றால் பெருக்க 2,400. இன்னும் ஒரு சின்ன வித்தை, வெறும் 100 புள்ளிக்கு உரியது, சேர்ந்தால்? 900-ஐ நான்கால் பெருக்க 3,600. நூறு புள்ளி வித்தை 1,200 புள்ளியைக் கொண்டுவந்துவிட்டது! ஆனால் அந்தக் கடைசி வித்தையில் தடுமாறி விழுந்தால் மொத்தமும் பூஜ்யம்.

இப்போது பையனின் முகத்தைக் கவனியுங்கள். போதும் என்று இறங்கிவிடலாமா, இன்னொன்று செய்யலாமா? அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவனுடைய ஆசைதான் அவனை இழுக்கிறது. ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். எனவே சோம்பேறித்தனமும் செல்லாது.

முதல் விளையாட்டில் ஒரு குறை இருந்தது. பலகை சமதரையில் இறங்கிவிட்டால் தொடர் அறுந்துவிடும். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில், முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தில் மட்டும் ஓடும் ‘மேனுவல்’ என்ற வித்தையைச் சேர்த்தார்கள். 2001-இல் மூன்றாம் பாகத்தில் சரிவிலிருந்து இறங்கியதும் பலகையைச் சட்டென்று திருப்பும் ‘ரிவர்ட்’ வந்தது. இரண்டும் பார்வைக்குச் சாதாரணம். ஆனால் அதுவரை பூ மட்டும் இருந்தது, இப்போது நாரும் கிடைத்தது. கம்பியிலிருந்து தரை, தரையிலிருந்து சரிவு என்று முழு இடத்தையும் ஒரே சரமாகத் தொடுக்க முடிந்தது.

இதனால் நேரும் இன்னொன்றைப் பெற்றோர் கவனிப்பதில்லை. பிள்ளையின் கண் மாறுகிறது. ரவாங் ரயில் நிலையத்தில் அப்பாவுக்குப் படிக்கட்டு என்றால் ஏறி இறங்கும் இடம். பையனுக்கு அது ஒரு பாதை: இந்த விளிம்பில் தொடங்கலாம், அந்தப் பெஞ்சில் சறுக்கலாம். (மனத்துக்குள் சறுக்கினால் போதும், பயணிகள் நடக்கும் இடத்தில் முயலக் கூடாது.)

எல்லா விளையாட்டும் இதே வழியில் போகவில்லை. 2007-இல் வந்த ‘ஸ்கேட்’ நேர்மாறானது. அதில் பொத்தானை அழுத்தினால் தாவல் வராது. கட்டுப்பாட்டுக் கருவியின் வலது குச்சியைக் கீழே இழுத்து மேலே சுண்ட வேண்டும், காலால் பலகையை மிதித்து எழுப்புவதைப் போல. முதல் நாள் எதுவும் சரியாக வராது, எரிச்சல்தான் வரும். பிறகு ஒரு சாதாரணத் தாவல் சரியாக அமைந்ததும் வரும் மகிழ்ச்சி, டோனி ஹாக் விளையாட்டின் இலட்சம் புள்ளிக்கும் குறைந்ததல்ல. அங்கே தொடுப்பதில் சுவை, இங்கே ஒன்றே ஒன்றைத் திருத்தமாகச் செய்வதில்.

பெயர் கொடுத்த டோனி ஹாக்கின் கதையையும் சொல்ல வேண்டும். 1999 ஜூன் 27 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் அவர் ‘900’ வித்தையை, அதாவது காற்றில் இரண்டரைச் சுற்றை, முயன்றார். விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். போட்டி நேரம் முடிந்தும் அவரை நிறுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து இறங்கினார். அந்த விளையாட்டிலும் மணி அடித்தபின், நடுவில் இருக்கும் தொடரை முடிக்க அனுமதி உண்டு.

திரையில் கற்றது தெருவில் உதவுமா என்று அப்பா கேட்கக்கூடும். வித்தையின் பெயர் தெரியும், இடத்தை அளக்கும் கண் வரும். கால் மட்டும் வராது. முதல் விளையாட்டின் பத்து வீரர்களில் ஒருவரான ஜேமி தாமஸ், பின்னாளில் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு வந்தார். அங்கே மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த சிறுமி கமலி, கவுன் அணிந்து வெறுங்காலோடு சரிவில் இறங்குவதை அவர் எடுத்த படத்தை டோனி ஹாக் உலகுக்குப் பகிர்ந்தார். அவளைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

திரையில் விழுந்தவன் ஓரிரு நொடியில் எழுகிறான். கமலி பழகிய சரிவு சிமெண்டால் ஆனது.